காய்ந்த கையுறை

மீனைக் கொல்ல ஒரே அடி போதும். கண்ணுக்கு ஒரு விரல் மேலே உருட்டுக்கட்டையால் சரியாக ஒன்று வைத்தால் துடிப்பு நின்றுவிடும். நாலுவிரல்காரன் மூன்று அடி அடிப்பான். முதல் அடி மீனுக்கு. மிச்சம் இரண்டும் அன்றைக்கு யார்மேல் கோபமோ அவர்களுக்கு. அன்று காலை தொட்டிக்கரையில் அவன் பதினோரு தாய்மீன்களை அப்படி அடித்துப் போட்டான். உடம்பில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, நீந்த முடியாமல் சாய்ந்து மிதந்தவை அவை. கட்டை விழுந்த இடத்திலிருந்து ரத்தம் சிவப்பாக வரவில்லை. அரிசி களைந்த நீரில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்ததுபோல் வெளிறி வந்தது. அதைக் கவனித்தவள் ஒருத்திதான். அவள் அவனுடைய பெண்டாட்டி.

பண்ணையில் அவளுக்குப் பெயர் சாமணம். முட்டை அறையில் பன்னிரண்டு வருடமாகக் கையில் சாமணம் என்கிற சின்ன இடுக்கியோடு நிற்கிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவளுடைய வேலை சொல்லிவிட சுலபம், செய்ய முதுகு உடையும். தட்டுத் தட்டாக அடுக்கிய மீன் முட்டைகளுக்கு மேல் குனிந்து, செத்து வெளுத்த முட்டையைத் தேடிப் பிடித்து, பக்கத்து முட்டை அசங்காமல் எடுத்துவிட வேண்டும். ஒன்றை விட்டால் போச்சு. மறுநாள் அதில் பஞ்சு முளைக்கும். அந்தப் பஞ்சு கை நீட்டிப் பக்கத்தில் இருக்கும் உயிருள்ள முட்டையையும் பிடித்துக்கொள்ளும். எது செத்தது, எது சாகப்போகிறது, எது பிழைக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய கண் அவளுக்கு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் கட்டியவனைத்தான் சரியாகப் பார்க்கவில்லை. சொந்த வீட்டு இருட்டுக்கு எல்லாருக்கும் கண் பழகிவிடும் போலிருக்கிறது.

அவன் வலை வீசுகிற ஆட்களுக்குத் தலைவன். வலது கையில் மோதிர விரல் கிடையாது. தண்ணீரைக் கிளறும் சக்கர மெஷினின் சங்கிலியில் ஒருநாள் போனது. விரல் போன கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகாமல், முதலில் சம்மட்டி எடுத்து அந்த மெஷினை நொறுக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறினான். இதை ஒரு வீரக்கதையாகப் பண்ணையில் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் அவளும் சிரித்தாள். ஆறே மாதத்தில், குழம்பில் உப்பு கூடிப்போன ஒரு மத்தியானம், அந்த மெஷினுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவன் கன்னத்தில் அடிக்க மாட்டான். ஊர் பார்க்கும் இடத்தில் தடம் விடுகிற அளவுக்கு முட்டாள் இல்லை. தோளுக்குக் கீழே, மேல்கையைப் பிடிப்பான். பிடித்து, சுவரோடு சேர்த்து அழுத்தி, எலும்பு தட்டுப்படும் வரை நெரிப்பான். அதனால்தான் வெயில் கொளுத்தும் மாதத்திலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டாள். கேட்டால் முட்டை அறை குளிர் என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை ஆறு வருடமாகச் செய்துவந்தாள். அவளுடைய அம்மா ஒருமுறை தடத்தைப் பார்த்துவிட்டு, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாள். அந்தப் பழமொழியைச் சொல்லிவைத்தவன் யாரோ, நிச்சயம் அடி வாங்கியவனாக இருக்க மாட்டான்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். ஓடையிலிருந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வு அறை அவன் பொறுப்பு. ஆகவே அவன் பெயர் வால்வு. வாய் கொஞ்சம் நீளம். பத்து நாளைக்கு முன்னால், அக்கா கை கழுவும்போது சட்டைக் கை நழுவியதைப் பார்த்துவிட்டான். நேராக வலைக் கொட்டகைக்குப் போய், இருபது பேர் முன்னால், "மாமா, இன்னொரு தடவை எங்க அக்கா மேல கை வச்சா, உங்க பிழைப்புல மண்ணப் போட்டுட்டுத்தான் மறுவேலை" என்று சொல்லிவிட்டு வந்தான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அந்த ஒரு வாக்கியம் அவன் கழுத்துக்கே சுருக்காக வந்தது.

அதற்கடுத்த வாரம் சினை பிழியும் வாரம். நாற்பது தாய்மீன்களையும் பிடித்துத் தூக்கி, வயிற்றை நீவி, முட்டையைத் தட்டில் இறக்கிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். எட்டு வருடமாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த மீன்கள். அவை போனால் பண்ணைக்கு விதையே இல்லை. கையை நனைத்து, ஈரத் துணியில் ஏந்தி எடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. போன வருடம் அப்படி எடுக்கும்போது ஒரு மீன் வழுக்கி, போகிற போக்கில் நாலுவிரல்காரன் முகத்தில் வாலால் பளாரென்று ஒன்று விட்டுப் போனது. எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியே சிரித்தார். அந்தச் சிரிப்பை அவன் ஒரு வருடம் அடைகாத்தான்.

இந்த வருடம் மூட்டை தூக்குகிறவர்கள் போடும் கையுறை ஒன்று வாங்கிவந்தான். நூல் கையுறை, உள்ளங்கை முழுக்க ரப்பர்ப் புள்ளி. காலியாகத் தொங்கிய விரலை மடக்கித் தைத்துக் கொடுத்தவள் சாமணம்தான்.

"இத நனைச்சுப் போடுங்க. இல்லன்னா மீன் தோல் மேல வழவழன்னு இருக்கிற வழும்பு உரிஞ்சிடும்" என்றாள்.

"நனைச்சா வழுக்கும். வழுக்காம இருக்கத்தான் வாங்கினேன். நீ முட்டை பொறுக்கு" என்றான். அவள் மறுபடி வாய் திறந்தபோது மேல்கையைப் பிடித்தான்.

அன்று அவன் காய்ந்த கையுறையோடு வாலுக்குச் சற்று மேலே ஒரு பிடி, தூக்கு, அடுத்தது என்று நாற்பது மீனையும் ஒரே காலையில் முடித்தான். ஒன்றுகூட வழுக்கவில்லை. கைதட்டினார்கள்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மலைப்பக்கம் மழை பெய்து ஓடைத் தண்ணீர் சில்லென்று இறங்கியது. வால்வு வழக்கம்போல் திறந்துவிட்டான். நாலாம் நாள் மீன்களின் வால் பக்கம் வெள்ளையாகப் பூத்தது. ஆறாம் நாள் எட்டு மீன் செத்து மிதந்தது. ஏழாம் நாள் காலை மேலும் பதினொன்று சாய்ந்தன. அவற்றைத்தான் அவன் அடித்துப் போட்டான்.

பதினொன்றையும் முடித்துவிட்டு, ரத்தம் சொட்டும் கட்டையோடு வால்வு அறைக்கு நடந்தான். உள்ளே தொட்டி கழுவும் மருந்தின் காலி டின் ஒன்று கிடந்தது. அது எத்தனை மாதமாக அங்கே கிடந்ததோ. அதைத் தூக்கிக்கொண்டு, மச்சினனைச் சட்டையோடு வெளியே இழுத்தான்.

"மண்ணப் போடுறேன்னு சொன்னியே, போட்டுட்ட இல்ல?"

"மாமா, நான் தண்ணிதான் திறந்தேன். வேற எதுவும்..."

வாக்கியம் முடியவில்லை. கட்டை வாயில் விழுந்தது. ஒரு பல் சிமெண்ட் தரையில் துள்ளிக்கொண்டு போனது. தலையைக் காப்பாற்ற வால்வு இடது கையைத் தூக்கினான். அடுத்த அடி அந்தக் கையில் இறங்கியது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். முட்டை அறைக்குள் இருந்த சாமணத்துக்கு அது கேட்டது. அவள் ஓடி வருவதற்குள் தம்பி சுருண்டு கிடந்தான். புருஷன் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு உதைக்கும் ஒரு மீனின் கணக்குச் சொல்லி. அவள் குறுக்கே விழுந்தாள். முதுகில் இரண்டு உதை வாங்கினாள். மூன்று பேர் சேர்ந்துதான் அவனைப் பிரிக்க முடிந்தது.

முதலாளி வந்தார். எட்டு வருட உழைப்பு தரையில் கிடப்பதைப் பார்த்தவருக்கு நியாயம் விசாரிக்கிற நிதானம் இல்லை. காலி டின்னைப் பார்த்தார். வால்வு சவால் விட்டதை இருபது பேர் கேட்டிருந்தார்கள்.

"அவனத் தீவன ரூம்ல போட்டுப் பூட்டு. மூணு மணிக்குப் போலீஸ்ல ஒப்படைச்சிடலாம்" என்றார்.

"ஐயா, வண்டியில நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் நாலுவிரல்காரன். சொல்லிக்கொண்டே பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். தம்பி இவனோடு வண்டியில் ஏறினால் மிச்சமிருக்கும் நல்ல கையோடு போய்ச் சேர மாட்டான். ஒருவேளை போய்ச் சேரவே மாட்டான். மணி அப்போது பதினொன்று.

மீன் டாக்டர் வந்தபோது மணி பன்னிரண்டு. குட்டையான பெண்மணி, பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. வலைக் கொட்டகையில் இருந்த துத்தநாக மேஜையில் ஒரு மீனைப் போட்டுக் கிழித்தார். செவுள் செங்கல் சிவப்பாக இருக்க வேண்டியது, வெளுத்துக் கிடந்தது. உள்ளே உறுப்புகளெல்லாம் ஊறிப்போய் நீர் கோத்திருந்தன.

"இந்தப் பஞ்சு தோலத் தின்னுடும். ஆனா அது நேராக் கொல்றதில்ல" என்றார் டாக்டர். "இதோட ரத்தத்துல உப்பு இருக்கு, சுத்தி இருக்கிறது நல்ல தண்ணி. தோல்தான் நடுவுல இருக்கிற மதகு. தோல் போச்சுன்னா தண்ணி உள்ள பாயும், உப்பு வெளிய ஓடும். சிறுநீரகம் இறைச்சு இறைச்சுப் பார்க்கும். ஓட்டைப் படகுல எவ்வளவு நேரம் இறைக்க முடியும்? கடைசில ரத்தம் நீர்த்துப்போய், இதயத்துக்குச் சக்தி இல்லாம நின்னுடும். பாத்தீங்களா, ரத்தமா இது?"

"மருந்தா டாக்டர்?" என்றார் முதலாளி.

"லேபுக்கு அனுப்பிப் பார்த்தாத்தான் தெரியும், ஒரு வாரம் ஆகும். ஆனா இந்தப் பூஞ்சை எல்லாத் தண்ணியிலயும் சும்மா இருக்கிறதுதான். வழும்பு சரியா இருக்கிற மீனை ஒண்ணும் பண்ணாது. முதல்ல யாராவது காயப்படுத்தியிருக்கணும். அப்புறம் பயம். மீன் பயந்தா உடம்புல ஒரு சுரப்பு ஏறும். அது ஏறிட்டா நோயோட சண்டை போடுற சக்தி படுத்துக்கும். குளிர் தண்ணி வந்தது, அது பூஞ்சைக்கு இன்னும் வசதி."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று முந்திக்கொண்டான் நாலுவிரல்காரன். "மருந்த ஊத்தித் தோல உரிச்சிட்டான், மேல குளிர் தண்ணியவும் திறந்துட்டான்."

டாக்டர் தோளைக் குலுக்கினார். இருக்கலாம் என்பதுபோல் இருந்தது அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி தீவன அறையில் பூட்டிக் கிடந்தது.

சாமணத்தைச் செத்த மீன்களைக் குழிக்கு அள்ளிப் போகச் சொன்னார்கள். பத்தொன்பதையும் தள்ளுவண்டியில் ஏற்றினாள். பயந்தால் சண்டை போடும் சக்தி படுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னது அவள் காதிலேயே நின்றது. இந்த ஆறு வருடத்தில் ஒரு சின்னக் கீறல்கூட அவள் உடம்பில் சீக்கிரம் ஆறியதில்லை. அது ஏன் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. குழியோரம் சுண்ணாம்பு தூவிவிட்டு முதல் மீனைத் தூக்கினாள். ஈரக் கையோடு, பழக்கதோஷத்தில், இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினாள். கண் தன் வேலையைப் பார்த்தது. எது எங்கே முளைத்தது என்று பார்ப்பதுதானே அதன் தொழில்.

வாலுக்கு மேலே, ஒரு பக்கம், ஒரு பஞ்சு. பெரியது. புரட்டினாள். மறுபக்கம் இரண்டு பஞ்சு ஒட்டி ஒட்டி. பிறகு ஒரு இடைவெளி, அங்கே செதில் பளபளவென்று ஆரோக்கியமாக இருந்தது. அதற்கப்புறம் ஒன்று, சிறியது.

அடுத்த மீன். ஒன்று, மறுபக்கம் இரண்டு, இடைவெளி, ஒன்று. மூன்றாவதிலும் அப்படியே. நாலாவதில் பஞ்சு பரவிக் குழம்பியிருந்தது; ஐந்தாவதில் அச்சுப்போலத் தெளிவு. பத்தொன்பதில் பதினான்கு மீனில் அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கை தானாகத் தன் மேல்கைக்குப் போனது. ஏனென்றால் இந்தத் தடத்தை அவள் இன்று முதல்முறையாகப் பார்க்கவில்லை. ஆறு வருடமாகக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்து வருகிறாள்.

குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருந்தது. சொன்னால் இன்று ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டும்; சொல்லாவிட்டால் மூன்று மணிக்குத் தம்பி வண்டியில் ஏறுவான். ஆறு வருடம் மறைத்ததை இருபது ஆண்கள் நடுவே அவிழ்ப்பது செத்துப்போவதைவிட வெட்கமாகப் பட்டது. இந்த வெட்கம் இருக்கிறதே, அது அடிக்கிறவனுக்குச் சம்பளமில்லாத காவல்காரன். ஆனால் தீவன அறை ஜன்னல் பக்கமிருந்து தம்பி முனகுவது அங்கே வரை கேட்டது. ஐந்தாவது மீனை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வண்டி கொட்டகை வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. வால்வை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடைந்த கை வீங்கிக் கறுத்திருந்தது. நாலுவிரல்காரன் வண்டிக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தான், மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பவன்போல.

சாமணம் நேராகக் கொட்டகைக்குள் போய், டாக்டர் இன்னும் நின்றிருந்த மேஜைமேல் மீனைப் போட்டாள்.

"டாக்டர், மருந்து ஊத்தினா உடம்பு பூராவும்தானே தோல் போகும்? இப்படிக் கணக்கா இடம் பார்த்துப் போகுமா?"

டாக்டர் குனிந்தார். புரட்டினார். பேனாவால் ஒவ்வொரு பஞ்சாகத் தொட்டார். "விரல் மாதிரி இருக்கே" என்றார் மெதுவாக. "கட்டைவிரல் இந்தப் பக்கம். ஆள்காட்டி, நடுவிரல், அப்புறம்..." பேனா அந்த இடைவெளியில் நின்றது. கொட்டகையில் யாருக்கும் அடுத்த விரலைச் சொல்லத் தேவைப்படவில்லை. எல்லார் கண்ணும் வண்டிக் கதவைப் பிடித்திருந்த கைக்குப் போனது.

"எவனுக்கு வேணும்னாலும் அப்படி இருக்கும்" என்றான் அவன். "பூஞ்சைக்கு விரல் எண்ணத் தெரியுமா? இவ தம்பியக் காப்பாத்தக் கதை கட்டுறா. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

சாமணம் இடது சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினாள். தோள் வரை சுருட்டினாள். கையை மீனுக்குப் பக்கத்தில், மேஜைமேல் நீட்டி வைத்தாள். உள்பக்கம் கறுநீலமாக ஒன்று. வெளிப்பக்கம் இரண்டு, இடைவெளி, ஒன்று. அதற்குக் கீழே பழையது, மஞ்சள் பாரித்து, அதே வரிசையில். அதற்கும் கீழே அதைவிடப் பழையது.

வால்வு உடைந்த வாயோடு, "அக்கா" என்றான். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

நாலுவிரல்காரன் மூன்றே எட்டில் அவளிடம் வந்தான். இத்தனை வருடத்தில் அவனை 'நீங்க' என்று தவிர அவள் அழைத்ததில்லை.

"அடி" என்றாள். "இவங்களுக்கு இன்னும் சந்தேகம் இருக்கு. நல்லா எல்லாருக்கும் தெரியிற எடத்துல அடி."

கெடுவான் கேடு நினைப்பான் என்பது சரிதான். ஆனால் கோபக்காரன் நினைக்கக்கூட மாட்டான். அடித்தான். ஆறு வருடமாகத் தொடாத கன்னத்தில், முழுக் கையையும் வீசி அடித்தான். அவள் மேஜையில் மோதி, உதடு கிழிந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி அப்படியே நின்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் அது மெல்லச் சிவந்து எழும்பியது. இரண்டு. வெள்ளையாக ஒரு இடைவெளி. ஒன்று.

அவன் மறுபடி கையை ஓங்கினான். இம்முறை வலைக்காரர்கள் நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஒருவன் முழங்கையை அவன் கடித்தான். மேஜையை உதைத்துக் கவிழ்த்தான். மேஜையில் தேங்கியிருந்த, கிழித்த மீனின் வழும்பு தரையெல்லாம் பரவியது. அதிலேயே அவன் கால் வைத்து வழுக்கி, மல்லாக்க விழுந்தான். பின்மண்டை சிமெண்டில் மோதியது. வலை கட்டும் கயிற்றால் அவன் கைகளைக் கட்டினார்கள். கட்டும்போது ஒருவன் விலாவில் ஓங்கி உதைத்தான். தடுக்க வேண்டும் என்று சாமணத்துக்குத் தோன்றியது. ஆனால் அவள் தடுக்கவில்லை. பொய் சொல்லி என்ன பயன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதலாளி போலீசுக்குப் போன் பண்ணினார். சொன்ன பெயர் வேறு. வால்வைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக டாக்டர் சொன்னார்.

"நீயும் வாக்கா" என்றான் தம்பி.

"நீ முன்னாடி போ. இருபத்தொண்ணு இன்னும் உயிரோட இருக்கு. அதப் பார்த்துட்டு வந்துடுறேன்."

டாக்டர் போகும்போது வழி சொல்லிவிட்டுப் போனார். தனித்தொட்டியில் லிட்டருக்கு ஐந்து கிராம் உப்பு. தண்ணீரிலும் உப்பு இருந்தால் ரத்தத்து உப்பு அவ்வளவு வேகமாக வெளியே ஓடாது. மீனுக்கு மூச்சு விட அவகாசம் கிடைக்கும், தோல் வளர நாள் கிடைக்கும். எத்தனை பிழைக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது மீனுக்கும் பொருந்துமோ என்னமோ, சாமணம் மூட்டையைப் பிரித்து, அளந்து, கரைத்தாள். கிழிந்த உதட்டில் உப்புத் தண்ணீர் தெறித்து எரிந்தது.

வலைக்காரர்கள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அவள் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஒருவன் ஏதாவது உதவி செய்தால் தேவலை என்று குனிந்து தண்ணீருக்குள் கையை நீட்டப் போனான்.

"கைய நனை" என்றாள். "முழங்கை வரைக்கும். நனைச்சிட்டு அப்படியே கொஞ்சம் வச்சிரு, கை குளிரட்டும்."

அவன் நனைத்தான். மற்றவர்களும் நனைத்தார்கள். கடைசியில் முதலாளியும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நனைத்தார்.

முதல் மீனை அவளே எடுத்தாள். வயிற்றுக்கடியில் ஈரத் துணியை நுழைத்து, விரலை மடக்காமல், உள்ளங்கையில் சும்மா கிடத்தித் தூக்கினாள். வால் பக்கம் பஞ்சு தொங்கியது. மீன் ஒருமுறை செவுளைத் திறந்து மூடியது, துள்ளவில்லை. இப்படியும் பிடிக்கலாம் என்று நினைத்தபோது, அத்தனை நேரம் வராத அழுகை அவளுக்கு வந்தது. அழுதுகொண்டே மீனை உப்புத் தொட்டியில் இறக்கிவிட்டு, அடுத்ததற்காகத் துணியை நனைத்தாள்.